யார் வீட்டுப் பிள்ளை?

1978-இல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ தொடங்கியபோது அதன் முதல் செட்டில் சேர்ந்தவன் என் அண்ணன். அதுவரை காக்கி டவுசரில் பள்ளிக்கூடம் போனவன் அந்த ஜூன் மாதம் பேன்ட்டுக்கு மாறினான். அப்பா எடுத்துக் கொடுத்த துணியை, எங்கள் வீட்டுக்கு வழக்கமாகத் தைக்கிறவரிடம் கொடுக்காமல், பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் புதிதாகக் கடை போட்டிருந்த ஓர் இளவட்டத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் சண்டை மூண்டது அந்தப் பேன்ட்டால்தான்.

பெல்பாட்டம். முட்டிவரை காலைக் கவ்விப் பிடித்து, அதற்குக் கீழே அகல விரியும். அடிச்சுற்று 26 இஞ்சா, 28 இஞ்சா என்பதில் பையன்களுக்குள் பெரிய போட்டி. நிற்கும்போது செருப்பு வெளியே தெரியக் கூடாது. தரையில் இழுபட்டு அடி மடிப்பு நைந்துவிடும் என்பதால் அதைச் சுற்றி ஒரு ஜிப்பைப் பிரித்து வைத்துத் தைத்திருந்தார் தையல்காரர். அண்ணன் சிமெண்டுத் தரையில் நடந்தால் அந்த ஜிப்பின் பற்கள் கரகரவென்று உரசும். அடுக்களையில் இருந்தே அம்மா, "வந்துட்டியாய்யா?" என்று கேட்பாள். அதே சத்தம் கேட்டால் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவின் முகம் மாறும்.

"ஏலே, தெருவக் கூட்டுததுக்கா இதத் தச்சிருக்க?"

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பெல்பாட்டம் போட்ட பிள்ளை இருந்த வீடுகளிலெல்லாம் இந்தக் கேள்வி கேட்டிருக்கும். அண்ணன் பதில் சொல்ல மாட்டான். காதை மூடி, பிடரியில் படிப்படியாக இறங்கும் ஸ்டெப் கட்டிங்கை ஒரு தடவை கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விடுவான். அந்த ஒதுக்கல்தான் அப்பாவை அதிகம் உசுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கையோடு சலூனுக்கு இழுத்துப் போய், சுவரில் கமல் படமும் ரஜினி படமும் ஒட்டியிருந்த அந்தக் கடையில் உட்காரவைத்து, "ஒட்ட வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு, வெட்டி முடிகிற வரைக்கும் வாசலிலேயே நின்றார். அன்று முழுக்க அண்ணன் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு அம்மா காத்திருந்தாள். அடுத்த வருஷம் 'நினைத்தாலே இனிக்கும்' வந்து, கமலும் ரஜினியும் அதே முடியும் அதே பேன்ட்டுமாகத் திரையில் ஆடியபோது, இந்தச் சண்டையில் அப்பா ஜெயிக்கப் போவதில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அப்பாவிடம் அப்போது கொஞ்சமாவது எடுத்துச் சொல்ல முடிந்தவர் தாத்தா மட்டும்தான். தாத்தாவின் இரண்டு காதுகளிலும் ஓட்டை இருக்கும். கடுக்கன் போட்டிருந்த ஓட்டை. சின்ன வயதில் குடுமியும் கடுக்கனுமாக வளர்ந்தவர் அவர். வேலைக்குப் போகிற வயதில், 1920 வாக்கில், ஒருநாள் குடுமியை எடுத்துக் கிராப்பு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். அவருடைய அப்பா அவரை நடைக்குள் விடவில்லை. அப்பன் உயிரோடு இருக்கும்போதே மகன் தலையைச் சிரைத்துக்கொண்டு வந்து நிற்கிறான் என்று தெருவே கூடிவிட்டதாம். தொழுவத்தில் படுத்து, கொல்லைப்புறத்தில் சாப்பிட்டு, கொஞ்ச நாள் கழித்துத்தான் வீட்டுக்குள் வரமுடிந்திருக்கிறது.

அந்தக் கிராப்புத் தலையருக்குப் பிறந்த என் அப்பா என்ன செய்தார்? 1944-இல் 'ஹரிதாஸ்' வந்து மூன்று தீபாவளி பார்த்து ஓடியபோது அவருக்கு அண்ணனின் வயதுதான். எம்.கே. தியாகராஜ பாகவதரைப் போலப் பிடரியில் புரளும்படி முடி வளர்த்தார். பாகவதர் கிராப்பு என்று அதற்கு ஊரெல்லாம் பெயர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் சிறைக்குப் போனபோது, "நீ யாரப் பாத்து முடி வளக்கியோ அவன் உள்ள போயிட்டாம்ல" என்று தாத்தா சொல்லியிருக்கிறார். அப்பா அதற்கும் முடியை வெட்டவில்லை. இதையெல்லாம் அண்ணனின் முன்னாலேயே தாத்தா சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் மறுபடி சலூன் வாசலில் போய் அவர் நிற்கவில்லை.

என் முறை வந்தபோது 80-களின் கடைசி. பாவாடையிலிருந்து தாவணி, தாவணியிலிருந்து சேலை என்பதுதான் எங்கள் தெருப் பெண்களுக்குப் போட்டு வைத்த பாதை. கல்லூரியில் சேர்ந்ததும் சுடிதார் வேண்டும் என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறம் ஒம் மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருந்தா போட்டுக்கோ" என்றார் அப்பா. எனக்கு விவரம் தெரிந்து நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் வந்திருக்கிறது. அம்மாதான் துணி எடுத்துக் கொடுத்தாள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் மடித்து ஊக்கு குத்தி, நடுவில் ஒரு சுருக்கம் விழாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல அலுங்காமல் நடந்து போவேன். உடம்பைத் தாவணி மூடியதைவிடச் சுடிதார் அதிகமாகவே மூடியது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டுவரை பத்து வாசல்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கண் இருக்கும். அந்தக் கண்களில் எதுவும் என்னிடம் பேசாது. நேரே அப்பாவிடம் போய்ப் பேசும்.

அப்பாவை நான் ஒருபோதும் கொடுமைக்காரராக நினைத்ததில்லை. பிள்ளைகளின் உடைக்கு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கடன் கேட்டுப் போனால், மகனுக்கு வேலை கேட்டுப் போனால், மகளுக்குச் சம்பந்தம் பேசப் போனால், ஊர் முதலில் எடுத்துப் போடும் கணக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்படித் திரிகிறார்கள் என்பதுதான். அவர் கோபப்பட்டதில் பாதிக்கு மேல் பயம்.

அந்தச் சுடிதார் பிற்பாடு எத்தனையோ பள்ளிக்கூடங்களில் சீருடையாகவே வந்துவிட்டது. 2019-இல் அரசு ஊழியர்களின் உடை பற்றி வந்த ஆணையில் சேலைக்குப் பக்கத்தில் துப்பட்டாவோடு அணியும் சுடிதாரும் எழுதப்பட்டது. எங்கள் அப்பாவுக்கு அடக்கமின்மையாகத் தெரிந்தது அரசாங்கத்துக்கு அடக்கமாகத் தெரிய முப்பது வருஷம் பிடித்தது.

ஆனால் ஊருக்கு ஏன் இவ்வளவு அக்கறை? ஒரு பையனின் பேன்ட் இரண்டு இஞ்சு விரிந்தால் ஊருக்கு என்ன நஷ்டம்? இதற்கு விடை எனக்கு அண்ணனின் சிநேகிதன் ஒருவனால்தான் கிடைத்தது.

அவன் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். அண்ணனோடு ஒரே வகுப்பு. சனி, ஞாயிறுகளில் சினிமாவுக்குப் போவதற்காக எங்கள் வீட்டுக்கு வருவான். வரும்போது கைலி கட்டியிருப்பான். அண்ணனின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதில் மடித்து வைத்திருக்கும் தன்னுடைய பெல்பாட்டத்தை எடுத்துப் போட்டுக்கொள்வான். அதே தையல்காரர், அதே ஜிப், அதே 28 இஞ்சு. படம் பார்த்துவிட்டு வந்ததும் கழற்றி மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கைலியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுவான். அவன் பேன்ட் ஏன் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "அவுக ஊர்ல பெரிய தெரு வழியாப் போகணும். பேன்ட்டும் செருப்பும் போட்டு நடந்தா அவுக அப்பாவக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம்" என்றாள். அவன் பேன்ட்டையும் அண்ணன் பேன்ட்டையும் அம்மாதான் துவைத்துப் போடுவாள். கொடியில் இரண்டும் சேர்ந்து காயும்.

ஒருநாள் அப்பா முருகன்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் பின்னாலிருந்து அண்ணனின் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறார். திரும்பியது அந்தச் சிநேகிதன். வீட்டுக்கு வந்தவர் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். "பின்னால இருந்து பாத்தா எது எம்புள்ளன்னே தெரியல. யாரு வீட்டுப் புள்ள, எந்தத் தெருப் புள்ளன்னு ஒரு அடையாளம் வேண்டாமா?"

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "தெரியாட்டா என்ன? ரெண்டும் புள்ளைகதான."

ஊரின் கோபம் எதில் என்பதை அப்பா அன்றைக்குத் தன்னை அறியாமலே சொல்லிவிட்டார். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்ததும் தெரிய வேண்டும். தெற்கத்திச் சீமையில் உடை நெடுங்காலமாக அந்த வேலையைத்தான் செய்துவந்திருக்கிறது. எங்களுக்குத் தெற்கே, அன்றைய தென் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டும் உதைபட்டும் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று அதைப் படிக்கிறோம். 1859-இல் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அனுமதி கொடுத்து ஆணையிட்டார். ஆனால் அந்த ஆணையிலேயே, மேல்சாதிப் பெண்கள் அணிகிற விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. உடுத்திக்கொள்ளலாம், ஆனால் யார் என்று தெரியும்படி உடுத்த வேண்டும்.

எங்களுக்கு வடக்கே ராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், தாழ்த்தப்பட்ட மக்கள்மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். இந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய ஜே.எச். ஹட்டன் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. செருப்பு, குடை கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: ஆண்கள் முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது.

என் தாத்தா கிராப்பு வெட்டியதற்குக் கிடைத்த தண்டனை சில நாள் தொழுவத்தில் படுக்கை. அவர் வயதுக்காரர் ஒருவர் வேறொரு தெருவில் பிறந்து அதையே செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை இந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் யோசித்தேன். அண்ணனின் சிநேகிதன் டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டுப் போனதும் அதே பட்டியலின் மிச்சம்தான்.

பெல்பாட்டம் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்படவில்லை. அது எந்தத் தெருவுக்கும் சொந்தமானதாக இல்லை. சினிமாவிலிருந்து வந்தது, டெரிகாட்டன் துணிக்குக் காசு இருந்தால் யாரும் தைத்துக்கொள்ளலாம். பெரிய தெருப் பையனும் காலனிப் பையனும் ஒரே தையல்காரரிடம் ஒரே அளவு கொடுத்தார்கள். ஒரே சலூனில் ஒரே படத்தைக் காட்டி "இந்த மாதிரி வெட்டுங்கண்ணே" என்றார்கள். டவுன் பஸ்ஸில் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் கண்டக்டருக்கு வித்தியாசம் தெரியாது. அறிவுரையும் பாடப்புத்தகமும் செய்ய நினைத்ததில் ஒரு சின்னப் பங்கை அந்த 28 இஞ்சு துணி செய்தது என்றே நம்புகிறேன்.

இன்றைக்கு வருகிறேன். நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. என் மகன் ப்ளஸ் ஒன், மகள் கல்லூரியில். மகனின் தலையில் இரண்டு பக்கமும் ஒட்டச் சிரைத்து, உச்சியில் மட்டும் அடர்ந்த முடி. அதில் போன கோடை விடுமுறையில் நுனியைச் செம்பட்டையாக்கிக்கொண்டான். இடது காதில் கடுக்கன் போட வேண்டும் என்று இப்போது கேட்கிறான். தாத்தா கழற்றி வைத்ததைக் கொள்ளுப்பேரன் கேட்கிறான். மகள் இடுப்புவரை தொங்கிய முடியைத் தோள்வரைக்கும் வெட்டிவிட்டாள். அவளுடைய அப்பாவின் பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு, நாலைந்து பாக்கெட் வைத்த தொளதொளப் பேன்ட்டில் கல்லூரிக்குப் போகிறாள். மணிக்கட்டில் சின்னதாக ஒரு டாட்டூ வேண்டுமாம். "ஆச்சி கையில பச்ச குத்தியிருந்தாங்கன்னு நீங்கதானம்மா சொன்னீங்க" என்கிறாள். என் கணவருக்கு மகனின் காதைவிட மகளின் முடிதான் பெரிய இழப்பு. சீவிப் பின்னிவிட்ட கை அவருடையது.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் இப்போது ஒரு நடைமுறை இருக்கிறது. மறுபடி வளர்வதைப் பற்றிச் சண்டை இல்லை. முடி வளரும், சாயம் போகும், சட்டையைக் கழற்றிவிடலாம். மாற்ற முடியாததற்குப் 18 வயதுவரை பொறுக்க வேண்டும், அதன் பிறகு அது அவரவர் முடிவு. சாயம் பூசுவதற்கு முன்னால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். கறுப்புச் சாயங்களில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கி முகத்தையே வீங்க வைத்துவிடும். காது குத்துவதானால் புது ஊசியைக் கண்ணெதிரே பிரித்துக் குத்தும் இடத்தில்தான், அதுவும் கீழ்மடலில்தான். மேல்காதின் குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் லேசில் ஆறாது. மகனிடம் கேட்காத கேள்வியை மகளிடம் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தின் விதி பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை, அது அங்கே போகிறவனின் பொறுப்பு. இந்த விதிகளை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் வகுத்தோம். எனக்குப் பிடிக்காத விதியும் அதில் இருக்கிறது, அவர்களுக்குப் பிடிக்காததும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கதை வேறு. காலையில் கேட்டில் நின்று தலைகளைப் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பக்கவாட்டில் கோடு போட்டவன், முன்முடியைத் தொங்கவிட்டவன், நுனியில் நிறம் வைத்தவன் எல்லாரும் ஓரமாக நிற்க வேண்டும். "புள்ளிங்கோ கட்டிங்" என்று எங்கள் ஓய்வறையிலும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. அதே வெட்டை ஒரு டாக்டர் மகன் ஏசி சலூனில் வெட்டிக்கொண்டு வந்தால் ஸ்டைல், கூலி வேலை செய்கிறவரின் மகன் தெருக்கோடிக் கடையில் வெட்டிக்கொண்டு வந்தால் ரௌடித்தனம். முடிக்காக ஒரு பையனை வெயிலில் நிற்க வைக்கும்போது, அவன் தலையைப் பார்க்கிறோமா, அவன் வீட்டைப் பார்க்கிறோமா என்று ஆசிரியர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படி ஒரு காலையில்தான், முதல்நாள் திருப்பி அனுப்பப்பட்ட ஒன்பதாம் வகுப்புப் பையனை அவனுடைய அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். தலையை மழமழவென்று வெட்டியிருந்தார்கள். பையன் அழுது முடித்த முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "இனிமே இந்த மாதிரி வரமாட்டான் டீச்சர். நானே நின்னு வெட்ட வச்சேன். நல்லா நாலு போட்டும் வச்சிருக்கேன்" என்றார். நான் பையனின் கையைப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் இரண்டு நிறங்களைச் சேர்த்து முறுக்கிய கயிறு, விரல் தடிமனில். இரண்டு நாளுக்கு முன்னால் கட்டிய புதுக் கயிறு, நிறம் இன்னும் மங்கவில்லை. எங்கள் பகுதியில் அந்த நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

"இதயும் கழத்திடலாமே" என்றேன்.

அதுவரை குனிந்து நின்ற மனிதர் நிமிர்ந்தார். "அது கோயில்ல கட்டுனது டீச்சர். அத மட்டும் கழத்தச் சொல்லாதீங்க. எங்க ஆளுக எல்லாரும் கட்டியிருக்கோம்." தன் கையையும் நீட்டிக் காட்டினார். அதே நிறம், அதே முறுக்கு.

மகன் தானாகத் தேர்ந்தெடுத்த ஒரே விஷயத்தை அடித்து வெட்டிவிட்டு, தானே கட்டிவிட்டதை விட்டுத்தர மறுத்தார் அவர். ஊருக்கு அந்தப் பையனின் முடியில் கோபம் வந்தது, கயிற்றில் வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று அது தெளிவாகச் சொல்கிறதே!

இது சின்ன விஷயம் இல்லை. 2019-இலேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் ஆகியவற்றைத் தடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில், எங்கள் மாவட்டத்து நாங்குநேரியில், ஒரு தலித் ப்ளஸ் டூ மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறும் மோதிரமும் பொட்டும் பள்ளிக்குள் கூடாது, பள்ளிகளின் பெயரிலேயே சாதி இருக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. நாங்குநேரி எங்களுக்குத் தொலைவில் இல்லை. அந்தப் பிள்ளைகளை ஒத்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் நான் தினமும் பாடம் எடுக்கிறேன்.

முடியையும் கயிற்றையும் பிள்ளைகளின் சுதந்திரம் என்று ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினைந்து வயதில் முடியைச் சிரைத்துச் சாயம் பூசுகிறவன், பெற்றவர்கள் கொடுத்த முகத்தில் தன்னுடையது எது என்று தேடுகிறான். அந்தத் தேடல் கோணலாக இருக்கலாம், அடுத்த மாதம் அவனுக்கே பிடிக்காமல் போகலாம். ஆனால் அது அவனுடையது. கயிற்றில் தேடல் எதுவும் இல்லை. பிறக்கும் முன்பே எழுதிவைத்த விடை அது. யாரோடு உட்காரலாம், யாரை முறைக்கலாம், யார் அடித்தால் யாரெல்லாம் சேர்ந்து திருப்பி அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் முடிந்துகிடக்கிறது. அதைக் கட்டிக்கொள்கிற பையன் எதையும் மீறவில்லை. அப்பா சொன்னதை, பாட்டனார் சொன்னதை, 1930-இன் பட்டியல் சொன்னதை அப்படியே கேட்டு நடக்கிறான். மீறுகிற பிள்ளையைக் கண்டு பதறும் வீடுகள், இந்தக் கீழ்ப்படிதலைக் கண்டுதான் பதற வேண்டும்.

கயிறு மட்டும் இல்லை. பைக்கின் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கர், திருவிழாவில் கூட்டமாகப் போடும் ஒரே நிற பனியன், ரீல்ஸில் ஓடவிடும் பெருமைப் பாட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் தலைவர் படம் எல்லாம் அந்தக் கயிற்றின் நீட்சிதான். எங்கள் காலத்தில் வாசலுக்கு ஒரு கண் இருந்தது. இப்போது எல்லாருடைய கையிலும் கண் இருக்கிறது. மகள் முடி வெட்டிய படத்தைப் போட்ட அன்றைக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து அவள் வளர்ப்பைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடை செய்தோம். அவள் படத்தை எடுக்கச் சொல்லவில்லை நான். அப்பாவிடம் போய்ப் பேசிய அந்தப் பத்து வாசல்களுக்காக நான் தலை குனிந்து நடந்தது போதும், அவள் நடக்க வேண்டியதில்லை.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனோடு பிறகு நிறையப் பேசினேன். கயிற்றைக் கழற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. வகுப்பில் உட்காரும் இடங்களை வாரத்துக்கு வாரம் மாற்றினேன், குழுவேலைக்கு நானே பெயர் சேர்த்தேன். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு நாட்டியத்துக்கு அவனையும், வேறு நிறக் கயிறு கட்டியிருந்த ஒருவனையும், எந்தக் கயிறும் கட்டாத இருவரையும் சேர்த்தேன். நாலு பேரும் ஒரே மாதிரி சட்டை தைத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி முடி வெட்டிக்கொள்ளவும் அனுமதி கேட்டார்கள். தலைமை ஆசிரியரிடம் நான் போய் நின்று, விழா முடியும்வரை கேட்டில் அந்த நாலு தலைகளையும் யாரும் தொடக் கூடாது என்று கேட்டு வாங்கினேன். ஆடும்போது சட்டைக் கைக்குள் கயிறு உறுத்துகிறது என்று கட்டியிருந்த இருவரும் அவிழ்த்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். விழா முடிந்து ஒருவன் மறுபடி கட்டிக்கொண்டான், இன்னொருவன் கட்டவில்லை. ஒரே ஆண்டில் இதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

பெற்றவர்களிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளை வாசலில் நுழையும்போது தலையைப் பார்த்துச் சத்தம் போடுவதற்கு முன்னால் மணிக்கட்டைப் பாருங்கள். அவன் உடுத்தியிருப்பது அவனை மற்ற பிள்ளைகளோடு சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்று பாருங்கள். சேர்க்கிறது என்றால், அது உங்கள் கண்ணுக்கு எவ்வளவு உறுத்தினாலும் பொறுத்துக்கொள்ளலாம். பிரிக்கிறது என்றால், அது எவ்வளவு அழகாக, எவ்வளவு பக்தியாகத் தெரிந்தாலும் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதைக் கட்டியது நாமே என்றால் முதலில் நம் கையிலிருந்து கழற்ற வேண்டும்.

என் மகனின் சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார்கள். எல்லார் தலையும் ஒரே அலங்கோலம். எவன் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது, நான் கேட்பதும் இல்லை. கிராப்புத் தலைக்கே தடை இருந்த மண்ணில், பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோல அலங்கோலமாகத் திரிய முடிவது லேசில் வந்த காரியம் அல்ல. அதற்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். ஒழுக்கம் என்ற பெயரில் அதை நாம் கத்தரித்துவிடக் கூடாது.